கோயம்புத்தூரிலிருந்து கொழும்புக்கு வந்த மகளுக்கு

மகள், உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். அப்பாவுக்கு வேலை மாற்றம் கிடைத்ததால் ஐந்து மாதத்துக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து கொழும்புக்கு வந்திருக்கிறீர்கள். வயது 16, வீடு வெள்ளவத்தையில், படிப்பது ஒரு சர்வதேசப் பாடசாலையில். இருபது நிமிட இடைவேளையில் யாரோடு போய் நிற்பது என்று தெரியாமல் தினமும் நூலகத்துக்குள் போய்விடுகிறீர்கள். புதிய நாட்டில் நண்பர்களைத் தேடிக்கொள்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துகிற கேள்வி கடைசி இரண்டு வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "எல்லாரும் தமிழ்தான் பேசுறாங்க, ஆனா நான் வாயைத் திறந்தா சிரிக்கிறாங்க. இவங்க மாதிரியே பேசக் கத்துக்கிட்டாதான் சேத்துப்பாங்களா?" தன்னை எவ்வளவு மாற்றிக்கொண்டால் ஓர் இடம் கிடைக்கும் என்ற கேள்வி அது. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நான் கொழும்பில் 24 வருடம் ஆசிரியையாக இருந்தவள். அதில் பாதிக் காலம் உளவளத்துணையும் என் பொறுப்பில் இருந்தது. வெளிநாட்டிலிருந்தும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று உள்நாட்டிலிருந்தும் நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைகள் பலரோடு கதைத்திருக்கிறேன். அதற்கும் முன்னால், நீங்கள் வந்த வழியை எதிர்ப்பக்கமாகப் போனவள் நான். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் கொழும்பை விட்டுச் சென்னைக்குப் போனது. அப்போது எனக்கு 14 வயது.

அங்கே முதல் வாரமே ஆசிரியை பெயர் கூப்பிட்டபோது "ஓம்" என்றேன், எங்கள் தமிழில் அது ஆம். வகுப்பே சிரித்தது. மந்திரம் சொல்கிறாளாம். நாற்காலியைக் கதிரை என்றேன், செருப்புக் கடையில் சப்பாத்து கேட்டேன், அழகு என்று சொல்ல வேண்டிய இடத்தில் வடிவு என்றேன். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. பிறகு நான் கதைப்பதையே நிறுத்திவிட்டேன். ஆறு மாதம் ஆம், இல்லை, தெரியாது என்ற மூன்று சொல்லோடு ஓட்டினேன். அப்புறம் மெல்ல மெல்ல அவர்களைப் போலவே பேசப் பழகி, ஒரு வருடத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டேன். அதனால் ஒரு நண்பிகூடக் கிடைக்கவில்லை. சிரிப்பு நின்றது, அவ்வளவுதான். 1987இல் கொழும்புக்குத் திரும்பி வந்தபோது இங்கே இருந்த பழைய நண்பிகள் என் மெட்ராஸ் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள்.

சென்னையில் எனக்கு நண்பி கிடைத்தது வேறு வழியில். மாலையில் பஸ்ஸுக்காக நானும் இன்னொரு வகுப்புப் பிள்ளையும் ஒரே தரிப்பிடத்தில் நிற்போம். அரை மணித்தியாலம், சில நாள் முக்கால் மணித்தியாலம். முதல் சில வாரம் பேச்சே இல்லை. ஒருநாள் அவள், "நீ அன்னிக்கு என்னமோ சொன்னியே, கதிரை, அப்படின்னா என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் என் சொல், மறுபக்கம் அவள் சொல் என்று எழுத ஆரம்பித்தாள். அந்தப் பட்டியல் நாலு பக்கம் வளர்ந்தது. நான் ஒளித்து வைத்த சொற்களைத்தான் அவள் கேட்டாள். 40 வருடம் கழித்தும் இன்று வரை தொலைபேசியில் கதைக்கிறோம்.

அதனால் உங்கள் தமிழை மாற்ற வேண்டாம் என்பேன். ஆனால் இங்கே உள்ள தமிழை விளங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை. நீங்கள் எழுதிய ஒரு சம்பவத்தையே எடுங்கள். "டீச்சர் தனியா கூப்பிட்டு ரொம்ப நேரம் பேசினாங்க" என்று சொன்னதும் பக்கத்தில் இருந்த பிள்ளை "ஐயோ பாவம்" என்றாளாம், ஏன் என்று தெரியவில்லை என்கிறீர்கள். யாழ்ப்பாணத் தமிழில் பேசுவது என்றால் திட்டுவது. அம்மா பேசினா என்றால் அம்மா ஏசினா என்று அர்த்தம். உரையாடுவதற்குக் கதைப்பது என்போம். ஆசிரியை உங்களை நீண்ட நேரம் திட்டினார் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறாள், உங்களுக்காக வருத்தப்பட்டிருக்கிறாள். அவளிடம் போய் இதைச் சொல்லுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். "இவங்க தமிழ்" என்று ஒரே தமிழ் உங்கள் வகுப்பில் இருக்காது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை சீக்கிரம் வா என்பதைக் கெதியாக வா என்பாள், மட்டக்களப்புப் பிள்ளையின் இழுவை வேறு, முஸ்லிம் பிள்ளை அப்பாவை வாப்பா என்பாள். மலையகப் பிள்ளைகளின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பேச்சு உங்கள் காதுக்குச் சொந்தக்காரர் பேச்சு மாதிரி இருக்கும். இவர்கள் தங்களுக்குள்ளும் பகிடி பண்ணிக்கொள்வார்கள். வீட்டில் ஒன்று, வகுப்பில் ஒன்று, பஸ்ஸில் சிங்களம், பாடத்துக்கு ஆங்கிலம் என்று நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்கிற பிள்ளைகள்தான் கொழும்புப் பிள்ளைகள்.

சிரிப்பிலும் இரண்டு வகை உண்டு. இத்தனை வருடத்தில் நான் கண்டுகொண்ட வித்தியாசம் இது: சிரித்த பிறகு "இன்னொருக்கா சொல்லுங்கோ" என்று கேட்டால் அது ஆசை, பயப்பட வேண்டாம். சிரித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் திரும்பிக்கொண்டால், அல்லது நீங்கள் போன பிறகு உங்களைப் போலப் பேசிக் காட்டினால் அது வேறு. முதல் வகைக்கு நின்று பதில் சொல்லுங்கள். இரண்டாவது வகையிடம் இடம் பிடிக்க உங்கள் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

இனி நேரத்தைப் பற்றி. இதைத்தான் பிள்ளைகளும் பெற்றோரும் தவறாகக் கணக்கிடுகிறார்கள். நட்பு தைரியத்தால் வருகிறது என்று நினைத்து, கூச்சமுள்ள பிள்ளையை "போய்க் கதை, போய்க் கதை" என்று தள்ளுகிறார்கள். நட்புக்குத் தேவை ஒரே ஆட்களோடு திரும்பத் திரும்பக் கழியும் நேரம். அமெரிக்காவில் 1992இல் மோர்லண்ட், பீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நான்கு பெண்களை ஒரு பல்கலைக்கழக வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒருவர் 15 தடவை, ஒருவர் 10, ஒருவர் 5, ஒருவர் ஒருதடவைகூட இல்லை. அவர்கள் யாரோடும் ஒரு சொல்கூடப் பேசவில்லை, வந்து இருந்துவிட்டுப் போனார்கள். பருவ முடிவில் மாணவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டபோது, அதிக தடவை வந்தவரைத்தான் அதிகம் பிடித்திருந்தது. கண்ணுக்குப் பழகிய முகமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. நூலகத்துக்குள் போய்விட்டால் அந்தப் பாதியும் நடக்காது, அதுதான் என் கவலை.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹோல் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணித்தியாலம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200க்கு மேல் ஆகிறது என்கிறது. அவர் பார்த்தது புதிய ஊருக்கு மாறிய பெரியவர்களையும் புதிதாகப் பல்கலைக்கழகம் போன மாணவர்களையும். அவர்களே நினைவிலிருந்து சொன்ன கணக்கு அது. உங்கள் வயதுக்கும் கொழும்புக்கும் அப்படியே பொருந்தும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் கணக்குப் போட உதவும். இருபது நிமிட இடைவேளை, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 100 நிமிடம். இடைவேளையை மட்டும் நம்பினால் 50 மணித்தியாலத்துக்கு 30 வாரம் வேண்டும். இடையில் விடுமுறையும் வரும், வருடமே போய்விடும். அதோடு வாரம் இரண்டு நாள் இரண்டு மணித்தியால ஒத்திகை ஒன்று சேர்ந்தால் ஒன்பது வாரத்தில் அந்த இடத்துக்கு வந்துவிடலாம். ஐந்து மாதமாகியும் யாரும் இல்லையே என்று உங்களையே குற்றம் சொல்லியிருக்கிறீர்கள். நூலகத்தில் கழிந்த ஐந்து மாதத்தில் எத்தனை மணித்தியாலம் ஒரே ஆட்களோடு இருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கணக்கே இன்னும் தொடங்கவில்லை, மகள்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம் உண்டு. பக்கத்தில் இருந்து வேலை செய்த நேரம் அவ்வளவாக உதவவில்லை, சும்மா இருந்து கதைத்த நேரம்தான் நெருக்கத்தைக் கூட்டியது. அதனால்தான் டியூஷன் வகுப்பைவிட டியூஷன் முடிந்து காலி வீதி (Galle Road) வரை நடந்து வருகிற பத்து நிமிடம் முக்கியம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

உங்கள் வகுப்பில் உள்ள கூட்டங்கள் ஏன் திறக்கவில்லை என்பதற்கு ஒரு சாதாரண காரணம் இருக்கலாம். அவர்களில் பலர் முதலாம் ஆண்டிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். உங்களை வேண்டாம் என்று தள்ளவில்லை, இன்னொரு ஆள் வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை. அந்த வட்டத்தின் நடுவில் போய் உட்கார முயலாதீர்கள், ஓரத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கொழும்புப் பாடசாலைகளில் ஓரம் காலியாக இருப்பதில்லை. வளைகுடாவில் வளர்ந்து பெற்றோரோடு திரும்பி வந்த பிள்ளை, போன வருடம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளை, படிப்புக்காகக் குடும்பத்தோடு வந்திருக்கும் மாலைதீவுப் பிள்ளை, இரண்டு கூட்டத்துக்கு நடுவில் எதிலும் ஒட்டாமல் இருக்கிற பிள்ளை. என்னிடம் வந்தவர்களில் பலருக்கு முதல் நண்பர் இந்த ஓரத்திலிருந்துதான் கிடைத்தார். அந்த ஒருவர் போதும். இரண்டு பேராக நிற்கும்போது மூன்றாவது ஆள் தானாக வருவார்.

எங்கே போவது என்றால், ஒன்றைத் தெரிவுசெய்து விடாமல் போங்கள், பலதைத் தொட்டுப் பார்க்காதீர்கள். பாடசாலையில் தமிழ் மன்றம் கலைவிழாவுக்கு நாடகம் போடுகிறது, புதன்கிழமை ஒத்திகை என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே பிடியுங்கள். நடிக்க வேண்டும் என்றில்லை. மேடைச் சாமான், உடை, பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது, எதுவானாலும் சரி. கையில் ஒரு வேலை இருந்தால் எங்கே நிற்பது என்ற கவலை போய்விடும். பாடசாலைக்கு வெளியே என்றால் உங்கள் வீட்டுக்குக் கிட்டவே கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது, நல்ல நூலகமும் நிகழ்ச்சிகளும் உண்டு. ஆனால் அங்கே வருவோர் பெரும்பாலும் பெரியவர்கள், உங்கள் வயதுக் கூட்டம் கிடைப்பது கடினம். நடன வகுப்பு, வீணை வகுப்பு, விளையாட்டு இவை அதைவிட மேல், ஏனென்றால் ஒரே பிள்ளைகள் வாரா வாரம் வருவார்கள்.

சிங்களம் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்பதற்குக் கொஹொமத, நன்றிக்கு ஸ்தூதி, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பஹினவா, இதிலிருந்து தொடங்கலாம். புத்தகத்தில் படிக்காமல் வகுப்பில் யாரிடமாவது கேட்டுப் படியுங்கள். சொல்லிக் கொடுக்கிற ஆளுக்கு உங்கள் மேல் ஒரு உரிமை வந்துவிடும். சிங்களப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் "மச்சங்" என்று கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள், பெண்பிள்ளைகளும்கூட. அது நம் மச்சான்தான். அதைப் பற்றி ஒரு கதையே ஆரம்பிக்கலாம்.

எதைக் கதைப்பது என்பதில் இரண்டு எச்சரிக்கை. "எங்க ஊர்ல இப்படி இல்ல" என்ற வாக்கியத்தைக் குறையுங்கள். சென்னையில் நானும் எதற்கெடுத்தாலும் "எங்கட கொழும்பில" என்று தொடங்கினேன். வீட்டு நினைவில்தான் சொன்னேன், கேட்டவர்களுக்கு அது குறை சொல்வதாகப் பட்டது. யாராவது கோயம்புத்தூரைப் பற்றிக் கேட்டால் ஆசை தீரச் சொல்லுங்கள், ஒப்பிட்டு மட்டும் சொல்லாதீர்கள். இரண்டாவது, போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் போர் முடிந்த 2009ஐ ஒட்டிப் பிறந்தவர்கள், ஆனால் அவர்களுடைய அம்மா அப்பா அதற்குள் வாழ்ந்தவர்கள். யார் வீட்டில் யார் இல்லை என்று உங்களுக்குத் தெரியாது. அதே வகுப்பில் சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பக்கத்தில் இருப்பார்கள். தமிழ்நாட்டில் அக்கறையோடு கேட்கிற கேள்வி இங்கே இடைவேளையில் கேட்கக்கூடிய கேள்வி அல்ல. நெருங்கிய பிறகு அவர்களே சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள், அபிப்பிராயம் சொல்ல அவசரப்படாதீர்கள்.

வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பெண்பிள்ளைகளின் நட்பு வீட்டுக்குள் வந்து போனால்தான் உறுதியாகும். பல வீடுகளில் மகளை மெஜஸ்டிக் சிட்டி கடைத்தொகுதிக்கோ காலிமுகத்திடல் கடற்கரைக்கோ தெரியாத பிள்ளையோடு அனுப்ப மாட்டார்கள், ஆனால் ஒரு அம்மா இன்னொரு அம்மாவோடு கதைத்துவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். உங்கள் அம்மாவைக் கேளுங்கள், அவவே அழைக்கட்டும். நீங்கள் இன்னொரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி தருவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மாடி வீட்டு அயலவர்களும் இருக்கிறார்கள். ஏப்ரல் புத்தாண்டுக்குச் சிங்கள வீட்டிலிருந்து கொக்கிஸ், கவும் என்ற பலகாரங்கள் வரும், பெருநாளைக்கு முஸ்லிம் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும். தீபாவளிக்கு உங்கள் வீட்டுப் பலகாரத் தட்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பௌத்தர்களின் வெசாக் பண்டிகை இரவில் விளக்குக் கூடுகள் பார்க்கவும், தன்சல் என்ற இலவச உணவுப் பந்தலில் சாப்பிடவும் கூட்டமாகப் போவார்கள். யாராவது "வாறீங்களா" என்று கேட்டால் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து "உளறிட்டேன், அவளுக்கு என்னைப் பிடிக்கல" என்று இரவு முழுக்க யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 2018இல் பூத்பி என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வுகளில், புதிதாகச் சந்தித்துப் பேசியவர்களைப் பிறகு தனித்தனியே கேட்டார்கள். மற்றவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்று அவர்கள் ஊகித்தது, உண்மையில் பிடித்த அளவைவிடக் குறைவாகவே இருந்தது. ஒரே விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடையே இது மாதக்கணக்கில் நீடித்தது. உங்கள் இரவு யோசனை பிழையாகக் கணக்குப் போடுகிறது என்று நம்பலாம்.

எத்தனை மாதத்தில் சரியாகும் என்பதில் எனக்கு அந்த உறுதி இல்லை. முதலில் சந்தோசம், நடுவில் பள்ளம், பிறகு ஏற்றம் என்று ஒரு வளைகோட்டை வரைந்து காட்டுவார்கள். லிஸ்கார்ட் என்ற நோர்வே ஆய்வாளர் 1955இல் சொன்னது அது. பிறகு வந்த ஆய்வுகளில் அது பலருக்குப் பொருந்தவில்லை. நான் பார்த்த பிள்ளைகளிலும் பலர் முதல் நாளே பள்ளத்தில் தொடங்கினார்கள். அதேபோல இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொள்கிற பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று 2006இல் 13 நாடுகளில் குடியேறிய இளையோரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஊரையும் விடாமல் புதிய இடத்தையும் ஏற்றுக்கொள்பவர்கள் அவர்கள். ஆனால் அப்படி வைத்திருந்ததால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருந்ததால் அப்படி வைத்திருக்க முடிந்ததா என்பது அந்த ஆய்வால் தீராது. என் அனுபவம் முதலாவது பக்கம் சாய்கிறது.

உங்களை நான் நேரில் பார்த்ததில்லை, ஒரு பக்கக் கதையைத்தான் வாசித்திருக்கிறேன். நான் வைத்தியரும் இல்லை. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரையும் சாப்பாடும் குறைந்து, காலையில் பாடசாலையை நினைத்தாலே வயிறு வலித்து, முன்பு பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போனால் அது நண்பர்கள் இல்லாத பிரச்சினை மட்டும் இல்லை. அம்மா அப்பாவிடமும் பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியரிடமும் சொல்லுங்கள். யாராவது திட்டமிட்டுத் துன்புறுத்தினாலும் அப்படியே. சிறுவர்களுக்கான உதவி இலக்கம் 1929, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926.

கடைசியாக, கோயம்புத்தூர் நண்பிகளோடு தினமும் இரவு இரண்டு மணித்தியாலம் வீடியோவில் கதைப்பதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். எனக்கு அந்த நாளில் மாதம் ஒரு கடிதம்தான் வந்தது, அதையே தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். ஆனால் தினமும் இரண்டு மணித்தியாலம் என்றால் வாரத்துக்கு 14. அதில் பாதியையாவது இங்கே உள்ளவர்களுக்குக் கொடுங்கள். வெள்ளி, சனி இரவுகளை அவர்களுக்கென்று வைத்துக்கொண்டு, மற்ற நாளில் ஒரு குரல் செய்தி போதும் என்று அவர்களிடமே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். புதன்கிழமை ஒத்திகை முடிய நேரமாகும் என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள்.